பூதங்கள் காத்த பூம்பட்டினம்

காவிரிப்பூம்பட்டினத்தை ஆண்டவர் யார் என்று உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரைக் கேட்டால், சோழர் என்று தயங்காது விடையிறுப்பர். புள்ளியும் கிடைக்கும். ஆனால் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் பாடத்திட்டத்தின் வேலியைக் கடந்து, முதலிலிருந்து முடிவு வரை ஒருமுறை பொறுமையுடன் படித்தவர்க்கு அவ்விடை அரைவிடையாகவே தோன்றும். அந்நகரில் அரசன் இருந்தான். அவனுக்கு அரண்மனையும் வெண்குடையும் இருந்தன. எனினும், அவன் அங்கே குடியிருக்க வந்தவன் போலவே காணப்படுகிறான். நிலத்துக்கு உடையவர் வேறு. நாவல் மரத்தடியில் ஒரு முதுதெய்வம்; அங்காடிச் சோலையில் ஒரு பூதம்; நாற்சந்தியில் இன்னொரு பூதம்; ஆற்றுக்கு ஒருத்தி; கடலுக்கு ஒருத்தி. இவர்கள் இசைவு தந்த வரையில் நகரம் நின்றது. இசைவு நீங்கிய நாளில் அது நீரின்கீழ்ப் போயிற்று.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக இவ்விரு காப்பியங்களையும் யான் கற்பித்து வருகிறேன். பூதங்கள் வருமிடத்தில், 'இயற்கையிறந்த கற்பனை. காப்பியச் சுவைக்காகப் புலவர் அமைத்தது' என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போவது என் வழக்கம். என் ஆசிரியரும் அவ்வாறே போனார். அவ்வரி எவ்வளவு போதாதது என்பதை எனக்குக் காட்டியவர் இருவர். ஒருவன் என் மாணவன்; மற்றவர் மரம் தறிப்பவர். அவர்களைப் பற்றிச் சொல்லுமுன் அந்நகரத்துக்குள் ஒருமுறை சென்று வருதல் நல்லது.

நகரத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். மணிமேகலையின் பதிகம் அதற்கு இரு பெயர் கூறுகிறது. முற்பெயர் சம்பாபதி. நாவலந்தீவின் தெய்வம், அரக்கரால் உயிர்கட்கு விளையும் துன்பம் நீங்கவேண்டித் தென்திசை வந்து, நாவல் மரத்தின்கீழ் நோன்பிருந்தாள். அவள் பெயரே அப்பதிக்கு ஆயிற்று. அங்கே அப்போது மாடமும் இல்லை, மறுகும் இல்லை. ஒரு மரமும் அதன் நிழலில் ஒரு தெய்வமும் மட்டுமே. பின்னர் அகத்தியரின் கரகம் கவிழ்ந்து காவிரி புறப்பட்டு, அவள் இருந்த இடத்தின் அருகே கடலொடு கலந்தது. ஆற்றுமகள் முதியவளை வணங்கினாள். முதியவள் மனம் மகிழ்ந்து, தன் பெயர் தாங்கிய ஊரை அவள் பெயராலும் வழங்குக என்று கொடுத்தாள். ஊர்ப்பெயர் ஒன்று மாறியது எவ்வாறு என்று நோக்குக. வென்ற மன்னன் பழம்பெயரை அழித்துத் தன் பெயரைப் பொறிக்கவில்லை. மரத்தின் தெய்வம் ஆற்றின் தெய்வத்துக்கு விரும்பி ஈந்த பெயர் அது. மன்னனுக்கு அக்கொடையில் பங்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது சோலைகள். மணிமேகலையின் மூன்றாங் காதையில் ஒரு சிறு நிகழ்ச்சி. தந்தையும் தாயும் பட்ட துயரைக் கேட்ட மணிமேகலையின் கண்ணீர் அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலையில் விழுகிறது. மாலை தூய்மை இழந்தது. புதுமலர் கொய்துவா என்கிறாள் மாதவி. ஊருக்குள் பூப்பறிக்கப் போவது ஒரு பெரிய செயலா? ஆனால் அருகிருந்த சுதமதி அஞ்சுகிறாள். அவள் தானே சம்பை நகரில் பூக்கொய்யப் போன இடத்தில் விஞ்சையன் ஒருவனால் வானில் தூக்கிச் செல்லப்பட்டவள். எந்தச் சோலைக்கு இப்பெண் போகலாம், எதற்குப் போகலாகாது என்று ஒன்றொன்றாக எண்ணிப் பார்க்கிறாள். இலவந்திகைக்குப் போனால் அரசனோடு வந்தோர் இருப்பர். உய்யானத்துக்குப் போகலாகாது, அங்குள்ள பூ வாடாது, வண்டும் மொய்க்காது, வானவர் விரும்புவதன்றி மக்கள் விரும்புவதில்லை, கையில் பாசக்கயிறு ஏந்திய பூதங்கள் அதைக் காக்கின்றன. கதிரவனின் வெம்மையில் சிறகு கருகிய சம்பாதி இருந்த வனம் ஒன்று. காவிரியின் தந்தை கவேரன் இருந்த வனம் ஒன்று. இவ்விரண்டும் முதுமை மிக்க, தீண்டி வருத்தும் அணங்குகளை உடையவை. எஞ்சுவது உவவனம். அதுவும் அரசனுடையது அன்று. புத்தனின் ஆணையால் மரங்கள் பூப்பது. அவன் பாதபீடிகை உள்ள இடம்.

இப்பகுதியை யான் எத்தனையோ முறை 'வருணனை' என்று கற்பித்திருக்கிறேன். வருணனை அன்று அது. ஓர் இளம்பெண்ணுக்கு வழி சொல்லும் பேச்சு. இது இன்னாருடைய வளவு, அது இன்னாருடைய காணி, அந்த ஒழுங்கையால் போகாதே என்று நம் ஊர்ப் பெரியதாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கும் சுதமதி கூற்றுக்கும் யாதும் வேறுபாடில்லை. காணிக்காரர் மட்டுமே வேறுபடுகின்றனர்.

மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்னும் நகரின் இருகூற்றுக்கும் இடையே நாளங்காடி இருந்தது. போர்மேற்கொண்ட இரு வேந்தரின் பாசறைகளுக்கு நடுவே கிடக்கும் களம் போன்றது அவ்விடைநிலம் என்கிறார் இளங்கோவடிகள். அடர்ந்த சோலை ஒன்றே அங்கே சந்தை. மரங்களைத் தறித்துவிட்டுக் கடை போட்டாரில்லை. நின்ற மரங்களின் அடிகளையே கால்களாகக் கொண்டு கடைகளைக் கட்டினர். விற்போர் குரலும் வாங்குவோர் குரலும் இலைகளுக்குக் கீழே ஓயாது ஒலித்தன. அச்சோலையின் நடுவே காவற்பூதத்தின் பீடிகை. முசுகுந்தனுக்கு உற்ற இடர் தீர்த்து, இந்திரன் ஏவலால் புகாருக்கு வந்த பூதம் அது. சித்திரைத் திங்களில், சித்திரையும் நிறைமதியும் கூடும் நாளில், மறக்குடிப் பெண்டிர் அதற்குப் புழுக்கலும் எள்ளுருண்டையும் நிணங் கலந்த சோறும் பூவும் புகையும் பொங்கலும் படைத்து, துணங்கையும் குரவையும் ஆடினர். அவர்கள் கேட்ட வரம் தமக்கோ தம் வீட்டுக்கோ அன்று. பசியும் பிணியும் பகையும் நாட்டை விட்டு நீங்குக, மழையும் வளமும் பெருகுக என்பதே.

இவ்வளவில் நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் அடிகள் நிறுத்தவில்லை. அதே பீடிகையில், மன்னன் வெற்றி பெறுக என்று மறவர் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு தம் தலையைத் தாமே அரிந்து வைத்தனர் என்று தொடர்கிறார். வகுப்பில் இப்பகுதியை விரைந்து கடப்பவர் பலர்; யானும் கடந்திருக்கிறேன். இக்காலத்தார் சிலர் பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து இனிது வாழ்ந்தனர் என்று மேடையில் பேசும்போது எனக்கு அந்தத் தலைகள் நினைவுக்கு வரும். பூதம் காத்த நகரம் மென்மையான நகரம் அன்று.

இத்தகைய எண்ணம் பாக்குநீரிணைக்கு அப்பால் மட்டும் நிலவியதாகவும் கொள்ளலாகாது. மகாவம்சத்தின் பத்தாம் அதிகாரம், பண்டுகாபயன் அனுராதபுரத்தை அமைத்த வரலாற்றைக் கூறுகிறது. காளவேளன் என்னும் இயக்கனை நகரின் கீழ்த்திசையில் அமர்த்தினான்; சித்தராசன் என்னும் இயக்கனை அபய வாவியின் கீழ்ப்புறத்தில் அமர்த்தினான்; தனக்கு முன்பு உதவி, பின் இயக்கியாகப் பிறந்த பணிப்பெண்ணைத் தென்வாயிலில் இருத்தினான்; மேல்வாயிலின் பக்கம் வைசிரவணனுக்கு ஓர் ஆலமரமும் வேட்டுவர் தெய்வத்துக்கு ஒரு பனைமரமும் வகுத்தான். இவற்றினும் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. விழாநாளில் அம்மன்னன் சித்தராசனோடு ஒத்த உயரமுள்ள ஆசனத்தில் அமர்ந்தானாம். தாழவும் இல்லை, உயரவும் இல்லை. புகாரின் சோழன் அவ்வாறு அமர்ந்ததாக நம் காப்பியங்கள் கூறவில்லை. கூறியிருந்தாலும் யான் வியந்திருக்க மாட்டேன்.

நிற்க. நகரின் ஐந்து மன்றங்களைப் பற்றி இளங்கோவடிகள் கூறுவன யாவரும் அறிந்தவை. பெயரும் அளவும் பொறித்த பொதிகள் காவலின்றிக் கிடக்கும் வெள்ளிடை மன்றத்தில், திருட வந்தவன் பொதியைத் தலையில் ஏற்றியபடி சுழல்வானேயன்றிக் கொண்டுபோக மாட்டான். மூழ்கி வலம்வந்தார் நோய் தீர்க்கும் பொய்கையொன்று; நஞ்சுண்டாரும் பித்துற்றாரும் சுற்றிவந்து தெளியும் நெடுங்கல் ஒன்று; முறை கோடியபோது வாய் பேசாது கண்ணீர் மட்டும் உகுக்கும் பாவை ஒன்று. ஐந்தனுள் அச்சந் தருவது பூத சதுக்கம். பொய்த்தவம் புரிவோர், ஒழுக்கம் பிறழ்ந்தோர், அறைபோகும் அமைச்சர், பொய்ச்சான்று சொல்வோர், புறங்கூறுவோர் ஆகியோரைப் பாசத்தால் கட்டிப் புடைத்து உண்ணும் பூதம் அங்கே நின்றது. அதன் குரல் 4 காதம் கேட்குமாம்.

அப்பூதத்தின் இயல்பை அறிய மன்றங்களின் பட்டியல் போதாது; அடைக்கலக் காதைக்குப் போகவேண்டும். மாடலமறையோன் கோவலனின் பழஞ்செயல்களைச் சொல்லும் இடம் அது. பத்தினி ஒருத்தி மேல் பொய்ப்பழி சுமத்திச் சான்று கூறிய ஒருவனைப் பூதம் பிடித்துக்கொண்டது. அவனைப் பெற்றவள் படும் துயரைக் காணப்பொறாத கோவலன் தானே அப்பாசத்துள் புகுந்தான். இவனை விட்டு என் உயிரைக் கொள்க என்றான். பூதம் மறுத்தது. தீயோன் உயிருக்கு ஈடாக நல்லோன் உயிரைக் கொண்டு தன் நற்கதியை இழக்கும் இயல்பு தனக்கில்லை என்றது. அவன் கண்முன்னேயே பொய்யனைப் புடைத்து உண்டது. கோவலன் செய்யக்கூடியதாக எஞ்சியது ஒன்றே: அந்தத் தாயையும் சுற்றத்தையும் தன் பொருளால் பல்லாண்டு காத்தான்.

இந்த இடத்தில் மாணவர் எப்போதும் கோவலனின் வள்ளன்மையைப் பற்றியே எழுதுவர். வினாவும் அதைப் பற்றியதே. ஆனால் பூதத்தின் மறுமொழியையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அரசன் முன் இவ்வழக்குப் போயிருந்தால், பெருவணிகன் மகனின் வேண்டுகோளுக்கு இரங்கித் தண்டத்தைக் குறைத்திருக்கக் கூடும். பூதத்திடம் பரிந்துரை செல்லாது. அது சினத்தால் உண்ணவும் இல்லை, கருணையால் விடவும் இல்லை. தீ சுடுவது போல, நீர் பள்ளம் நோக்கிப் போவது போல, அது தன் தொழிலைச் செய்தது. மதுரைக்குச் சென்ற கோவலன் பொய்ப்பழியாலேயே மடிந்தான் என்பதையும் இங்கு நினைக்கவேண்டியிருக்கிறது. அந்நகரின் நாற்சந்தியில் பொய்யனைப் பற்ற எந்தப் பூதமும் எழவில்லை.

இனி, நகரத்துக்கும் இவ்வாற்றல்களுக்கும் இடையே இருந்த உடன்படிக்கை. மணிமேகலையின் முதற்காதை அதைக் கூறுகிறது. அகத்தியர் சொற்படி, தூங்கெயில் எறிந்த செம்பியன் இந்திரனை வேண்டி 28 நாள் விழா எடுத்தான். அவ்விழாவை ஆண்டுதோறும் எடுக்கவேண்டும். மறந்தால் என்ன நேரும்? நாளங்காடிப் பூதம் இடிபோல் முழங்கித் துன்பம் செய்யும். சதுக்கப் பூதம் ஊரோடு பொருந்தாது போய்விடும். முன்னது வந்து வருத்தும். பின்னது போய் வருத்தும். இரண்டனுள் கொடியது எது என்று கேட்டால், பின்னதே என்பேன். பொய்ச்சான்று சொல்பவன் அச்சமின்றி உறங்கும் ஊரை எண்ணிப் பாருங்கள்.

விழாவின் ஏற்பாடும் கவனிக்கத் தக்கது. கமுகங்குலை, வாழை, கரும்பு, வஞ்சிக்கொடி ஆகியவற்றை வீதியில் கட்டுக. தெருவிலும் மன்றத்திலும் பழமணல் அகற்றிப் புதுமணல் பரப்புக. நெற்றிக்கண்ணுடைய இறைவன் முதலாகச் சதுக்கத்துத் தெய்வம் ஈறாக யாவர்க்கும் செய்வன செய்க. பகைவரைக் கண்டால் கலகம் விளைக்காது விலகிச் செல்க என்று முரசறைவோன் கூறுகிறான். ஆண்டில் 28 நாள் அந்நகரம் மீண்டும் ஒரு சோலை ஆகிவிடுகிறது. மனிதர் அதில் விருந்தினர் ஆகிவிடுகின்றனர்.

பிறகு ஓர் ஆண்டு விழா நின்றது. அது நின்ற விதம் என்னை நெடுங்காலம் வருத்தியதுண்டு. நெடுமுடிக்கிள்ளி செருக்கால் அதை நிறுத்தவில்லை. நாகநாட்டு இளவரசி பீலிவளை அவனோடு ஒரு திங்கள் வாழ்ந்து மறைந்துபோனாள். அவள் பெற்ற குழந்தையை மணிபல்லவத்தில் கம்பளச்செட்டி என்னும் வணிகன் பெற்றுக் கலத்தில் கொண்டுவந்தான். (அந்த மணிபல்லவம் நம் நயினாதீவே என்று இந்நாட்டில் தொன்றுதொட்டுச் சொல்லிவருவர்.) கலம் இரவில் கவிழ்ந்தது. தப்பியோர் செய்தி சொல்ல, மன்னன் கரையெங்கும் மகனைத் தேடி அலைந்தான். அத்துயரில் விழாவை மறந்தான். கடல் காக்கும் மணிமேகலா தெய்வம் சினந்தது; கடல் ஊரைக் கொண்டது. பிள்ளையைத் தேடிய தகப்பன் ஒருவனுக்கு இத்தண்டமா?

2004 மார்கழி 26ஆம் நாள் கடல் நம் கரைகளின் மேலும் ஏறியது. பூம்புகார்க் கரையிலும் ஏறியது. அடுத்த ஆண்டு என் வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்த மாணவன் ஒருவன் கடைசி வாங்கில் இருந்தான். கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். தாயும் தங்கையும் அன்று போயினர் என்று அதிபர் எனக்குச் சொல்லியிருந்தார். பாட ஒழுங்கின்படி புகார் அழிந்த பகுதி வந்தது. அதைத் தள்ளிப்போடவேண்டும் என்ற எண்ணம் எனக்கு உதிக்கவில்லை. அதை இன்று எழுதுவதற்கே கூசுகிறது. விழா மறந்தான், கடல்கோள் நிகழ்ந்தது என்று வழக்கம்போல் சொல்லிக்கொண்டு போனேன். அவன் எழுந்து நின்றான். "சேர், நாங்கள் எந்த விழாவை மறந்தனாங்கள்?" என்று கேட்டான். குரலில் ஏளனம் இல்லை. அறிந்துகொள்ள விரும்பியே கேட்டான்.

'அது கற்பனை, தம்பி' என்று சொன்னேன். முப்பது முறை எழுதிய வரி அன்றி வேறொன்றும் என் வாயில் வரவில்லை. அவன் இருந்துவிட்டான். கற்பனை என்றால் இத்தனை நாள் ஏன் படிப்பிக்கிறீர்கள் என்று அவன் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இப்பொழுது அவன் இந்நாட்டில் இல்லை.

அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியது அதே நூலிலேயே இருந்தது. ஆறாங் காதையில் கோதமி என்னும் தாய் வருகிறாள். அவள் மகன் சார்ங்கலன், புகாரின் சுடுகாட்டுக் கோட்டத்துக்குள் வழிதவறிப் புகுந்து, அங்குக் கண்ட காட்சியால் அஞ்சி ஓடிவந்து உயிர்விட்டான். தாய் பிணத்தைச் சுமந்து சம்பாபதியின் முன் நின்று, உன் ஊரில் உள்ள பேயோ பூதமோ என் மகனைக் கொன்றது என்று முறையிட்டாள். தெய்வம் நேரில் தோன்றியது. பேயும் பூதமும் உன் மகன் உயிரை உண்ணவில்லை என்றது. என் உயிரைக் கொண்டு அவனை எழுப்பு என்றாள் தாய். உயிருக்கு உயிர் கொள்ளுதல் கூடுமாயின், மன்னர்க்காக உயிர்தர வல்லார் உலகில் இலரோ? இதே சுடுகாட்டில் அரசர்க்கு எடுத்த கோட்டங்கள் ஆயிரம் நிற்கின்றனவே என்றது தெய்வம். தாய் தெளியாதிருக்கவே, சக்கரவாளத்துத் தேவர் அனைவரையும் அவள்முன் வரவழைத்து, இவர்களில் எவராலேனும் கூடுமா என்று கேட்கச் செய்தது. கூடாது என்றே எல்லாரும் கூறினர்.

சாத்தனார் இக்கதையை முன்னே வைத்துவிட்டுப் பிறகே கடல்கோளைக் கூறுகிறார். ஊரின் முதல் தெய்வம், தன் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் இறந்த பிள்ளைக்காகத் தாய்மேல் பழி சுமத்தவில்லை. நீ எதையோ செய்யத் தவறினாய் என்று சொல்லவில்லை. தன்னால் ஆகாததை ஆகாது என்றது. அவ்விடத்தை அன்று அந்த மாணவனோடு சேர்ந்து படித்திருந்தால் அவனுக்கு ஆறுதல் கிடைத்திருக்கும் என்று யான் கூறவில்லை. பொய்யான விடையொன்றை அவன் கேட்டுப் போயிருக்க மாட்டான்.

இன்று புகாரில் எஞ்சியவை சில. 1960களில் நடந்த அகழாய்வில் கீழையூரில் செங்கல்லாலான படகுத்துறை ஒன்றும் அதில் படகு கட்டிய மரத்தூண்களும் வெளிப்பட்டன. சுற்றுவட்டத்தில் திருவெண்காடு, திருச்சாய்க்காடு என்று காட்டின் பெயர்கள் ஊர்களாய் நிற்கின்றன. திருச்சாய்க்காட்டுக்குச் சாயாவனம் என்றும் பெயர். சம்பாபதிக்கு அதன் அருகே ஒரு சிறு கோயில் இருக்கிறது. அந்தச் சாயாவனத்தின் பெயரிலேயே சா. கந்தசாமி 1960களின் இறுதியில் ஒரு நாவல் எழுதினார். கடல்கடந்து பொருளீட்டித் திரும்பிய சிதம்பரம் என்பவன், கரும்பாலை கட்டுவதற்காக அடர்ந்த ஒரு தோட்டத்தை வெட்டியும் எரித்தும் அழிக்கின்ற கதை அது. ஊருக்குப் புளி தந்த மரங்களும் அத்தீயில் போயின. பூதமும் அணங்கும் நாவலில் எங்கும் இல்லை. ஆயினும் தீ மூண்டு பறவைகள் கலையும் பக்கங்களைப் படிக்கும்போது, சுதமதி அஞ்சிய வனங்களையே யான் கண்டேன். நாவலாசிரியர் இதை எண்ணினாரோ இல்லையோ, அறியேன், இடம் ஒன்றுதான்.

இனி, மரம் தறிப்பவர். யான் கற்பிக்கும் கல்லூரி வளவின் வடமேற்கு மூலையில் பெரிய நாவல் மரம் ஒன்று நின்றது. ஆடி, ஆவணியில் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் ஊதாக் கறையோடே வீடு போகும். மின்சாரம் இல்லாத காலத்தில் அம்மரத்தின் கீழ்த்தான் வகுப்புகள் நடந்தன. சம்பாபதியின் கதையை அதன் நிழலில் இருந்தே யான் பல முறை சொன்னேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதிய மாடிக் கட்டடத்துக்கு அந்த மூலையே பொருத்தம் என்று முடிவாயிற்று. கட்டடம் வேண்டியதுதான், வகுப்பறை போதாது. ஆனால் தென்புறத்திலும் வெறுநிலம் கிடந்தது. கூட்டத்தில் யானும் இருந்தேன். ஒருவர் என் பக்கம் திரும்பி, பண்டிதர் என்ன சொல்லுகிறார் என்று கேட்டார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றேன். ஏகமனதாக நிறைவேறியது என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதினர். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

தறிக்க வந்தவர் அறுபதைத் தாண்டியவர். கத்தியும் வாளும் கயிறும் இறக்கிவைத்துவிட்டு, மரத்தடியில் வெற்றிலையும் பாக்கும் ஒரு தேங்காயும் வைத்துச் சூடம் கொளுத்தினார். கைகூப்பி, "இருக்கிறவை எல்லாரும் எழும்பி வேறை இடம் பாத்துப் போங்கோ" என்று மரத்தைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற மாணவர் சிலர் சிரித்தனர். யான் அவரிடம், பயத்தினால் செய்கிறீரோ என்று கேட்டேன்.

"பயமெண்டில்லை, ஐயா. ஒரு வீட்டை இடிக்கேக்கை உள்ளுக்கை இருக்கிறவைக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் இடிக்கிறதே?" என்றார்.

பிறகு, "இது ஐயா சொல்லவேண்டிய சொல்லு. உங்கடை வளவெல்லோ?" என்றும் கேட்டார். யான் கைகூப்பினேன். சொல் வரவில்லை. ஒரு கணம் பொறுத்திருந்தபின் அவர் ஏணியைச் சாத்தினார். மாலை மூன்று மணிக்குள் கொப்பெல்லாம் இறங்கிவிட்டன. அடிமரம் மறுநாள் விழுந்தது.

புதிய கட்டடத்தின் மேல்மாடியில் இப்பொழுது என் வகுப்பு நடக்கிறது. காற்று நன்றாக வருகிறது. மழைக்கு ஒதுங்க ஓடவேண்டியதில்லை. சென்ற தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் அமைக்கும்போது, 'காப்பியங்களில் வரும் பூதங்கள் இயற்கையிறந்த கற்பனையே என்பதை விளக்குக' என்ற பழைய வினாவை எழுதி, பின் அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, மணிமேகலை ஏனைய வனங்களுக்குச் செல்லலாகாது என்று சுதமதி கூறியது ஏன் என்று கேட்டேன். பெரும்பாலானோர் உதயகுமரனைப் பற்றி எழுதியிருந்தனர். அது வேறு கதை. ஒரு மாணவி மட்டும், அவ்வனங்களில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கின்றனர், கேளாமல் போகக்கூடாது என்று ஒரே வாக்கியம் எழுதியிருந்தாள். பத்துப் புள்ளி வினாவுக்கு ஒரு வாக்கியம் போதாது. எட்டுப் போட்டேன்.